வாரிய எல்லைக்கு வெளியே வீடு: தண்ணீருக்கு எந்த வழி?

எங்கள் தெருவில் ஊராட்சிக் குழாய் பதித்து முடித்த அன்று, எல்லோரும் வாசலில் குடத்தோடு நின்றோம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து திறந்துவிட்டார்கள். முதல் நான்கு வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது. ஐந்தாவது வீட்டில் சொட்டியது. பத்தொன்பதாவது வீட்டு அம்மா குழாயைத் திருகியபோது உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. அவர் குழாயை மூடவில்லை. கால் மணி நேரம் அப்படியே திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எங்கள் ஊர் சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. ஒரு சாலைக்கு அந்தப் பக்கம் மாநகராட்சி, இந்தப் பக்கம் ஊராட்சி. இப்படி எல்லைக்கு வெளியே மாட்டிக்கொண்ட குடியிருப்புகளின் நலச்சங்கங்களிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய் நம் தெருவுக்கு நீட்டப்படும் என்று காத்திருக்கலாமா? ஊராட்சி வழியாக மொத்தக் குடிநீரோ கூட்டுக் குடிநீரோ கேட்கலாமா? ஆழ்துளைக் கிணறு போட்டுச் சுத்திகரிப்பு எந்திரம் வைத்துவிடலாமா? லாரியே போதுமா? சங்கத்தில் பாதிப் பேர் ஒன்று சொல்ல, மீதிப் பேர் வேறொன்று சொல்ல, அதற்குள் மே மாதம் வந்துவிடுகிறது.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலான கூட்டங்களில் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாகும்?" என்பதைத்தான். நான் அதை மூன்றாவதாகத்தான் கேட்பேன்.

முதல் கேள்வி: மழை பொய்த்த ஆண்டில் உங்களுக்குத் தண்ணீர் தரும் கடமை யாருக்கு? 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் தரை தெரியும்படி வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அது எல்லைக்கு உள்ளே இருப்பவர்களுக்காக அரசு தன் தோளில் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் அவரவர் சம்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை) அவரவரே நிரப்பிக்கொண்டார்கள். நல்ல ஆண்டில் எந்த வழியும் நன்றாகத்தான் இருக்கும். கெட்ட ஆண்டில் யாருடைய குழாய் முதலில் மூடப்படும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது, நபருக்கு எத்தனை லிட்டர்? பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு நாளொன்றுக்கு நபருக்கு 135 லிட்டர் என்பது நாட்டில் பின்பற்றப்படும் அளவு. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு வைத்த அளவு 55 லிட்டர். ஊராட்சியில் நான்கு மாடிக் குடியிருப்பு கட்டி, துணி துவைக்கும் எந்திரம் வைத்து, நகரத்து வாழ்க்கை வாழ்ந்தாலும் காகிதத்தில் நீங்கள் கிராமம்தான். குழாயின் விட்டமும் தொட்டியின் கொள்ளளவும் அந்த 55-ஐ வைத்தே தீர்மானிக்கப்பட்டிருக்கலாம்.

ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்வோம். 100 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், மொத்தம் 400 பேர். 135 லிட்டர் என்றால் நாளுக்கு 54,000 லிட்டர் வேண்டும். 55 லிட்டர் என்றால் 22,000 தான் கிடைக்கும். மீதி 32,000 லிட்டருக்கு வழி தேட வேண்டும். கீழே வரும் எல்லாவற்றையும் இந்தக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள்.

மூன்றாவது செலவு. இன்றைய செலவை மட்டும் பார்க்காமல் பத்தாண்டுச் செலவைப் பார்க்க வேண்டும். நான்காவது, உள்ளே வந்த தண்ணீர் எங்கே வெளியேறும்? குழாய்த் தண்ணீர் தாராளமாக வந்து, கழிவுநீர்க் குழாய் இல்லாத தெருவில் மூன்றே மாதத்தில் கழிவுநீர்த் தொட்டிகள் பொங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

## வாரியக் குழாய் நீட்டிக்கப்படும் வரை காத்திருத்தல்

கடமை என்ற முதல் கேள்விக்கு இதுவே மிக வலுவான பதில். சென்னைக் குடிநீர் வாரியம் 1978-இல் தனிச் சட்டத்தின் கீழ் அமைந்தது. குடிநீர், கழிவுநீர் இரண்டும் அதன் பொறுப்பு. எல்லைக்குள் வந்துவிட்டால் உங்கள் வீட்டுக்கு ஒரு நுகர்வோர் எண் கிடைக்கும். ஏரித் தண்ணீர் குறைந்தால் வீராணம் இருக்கிறது. அதுவும் குறைந்தால் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. மீஞ்சூரில் நாளுக்கு 10 கோடி லிட்டர். நெம்மேலியில் 2013-இல் 10 கோடி, 2024-இல் மேலும் 15 கோடி. தனி ஒரு நலச்சங்கம் எத்தனை கோடி திரட்டினாலும் இப்படி ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என நீராதாரங்களை வைத்திருக்க முடியாது.

இதன் மறைமுகச் செலவு காலம்தான். 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 42 உள்ளாட்சி அமைப்புகள் உள்ளே வந்தன. பலகை மாறியது, வரி ரசீது மாறியது. ஆனால் பழையபடியே லாரியை எதிர்பார்த்து நின்ற தெருக்கள் சோழிங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் பத்தாண்டு கடந்தும் இருந்தன. மாநகராட்சிக்குள் சேர்வது ஒரு முடிவு, வாரியம் அங்கே குழாய் பதிப்பது வேறொரு முடிவு, அந்தக் குழாயில் விடத் தண்ணீர் இருப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே நாளில் நடக்கும் என்று நம்பி வீடு வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "எங்கள் ஊர் வழியாகத்தானே பெரிய குழாய் போகிறது, அதிலிருந்து ஓர் இணைப்பு கொடுத்தால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. வீராணம் குழாய் 200 கிலோமீட்டருக்கு மேல் எத்தனையோ ஊர்களின் ஓரமாகத்தான் வருகிறது. ஆனால் அது உயர் அழுத்தத்தில் நீரைக் கடத்தும் குழாய். வழியில் ஆளுக்கொரு துளை போட்டால் அழுத்தம் சரியும், கடைசியில் இருப்பவர்களுக்கு நீர் போய்ச் சேராது. கடத்தும் குழாயிலிருந்து நீர் முதலில் ஒரு தொட்டிக்குப் போய், அங்கிருந்துதான் பகிர்மானக் குழாய்க்கு வர வேண்டும். ஆகவே குழாய் பக்கத்தில் போவதால் நமக்கு எதுவும் கிடைத்துவிடாது. அருகில் தொட்டி கட்ட நிலம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பணமாகப் பார்த்தால் வைப்புத்தொகை, இணைப்புக் கட்டணம், மாதக் கட்டணம், வீட்டின் ஆண்டு மதிப்பின் மீதான வரி ஆகியவை உண்டு. குடிநீருக்கு ஒருமுறை, கழிவுநீருக்கு ஒருமுறை என்று சாலை இரண்டு முறை தோண்டப்படும். இவ்வளவையும் கூட்டினாலும் பத்தாண்டுக் கணக்கில் லாரியோடு ஒப்பிட முடியாத அளவுக்கு இது மலிவு.

யாருக்கு ஏற்றது? எல்லையை ஒட்டியே இருப்பவர்களுக்கு. அடுத்த தெருவரை பகிர்மானக் குழாய் வந்துவிட்டவர்களுக்கு. அறிவிக்கப்பட்ட ஒரு பெருந்திட்டத்தில் தங்கள் ஊராட்சி இருக்கிறவர்களுக்கு. நெம்மேலியை அடுத்த பேரூரில் நாளுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. தாம்பரம் மாநகராட்சிக்கும் சென்னையை ஒட்டிய ஊராட்சிகள் சிலவற்றுக்கும் நீர் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. உங்கள் ஊராட்சியின் பெயர் அதில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பெயர் இருந்தால் காத்திருப்பதில் பொருள் உண்டு. இடைக்காலத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

## ஊராட்சி வழியாக மொத்தக் குடிநீர் அல்லது கூட்டுக் குடிநீர்

எல்லைக்கு வெளியே தண்ணீர் போக இதுவே நடைமுறையில் அதிகம் பயன்படும் வழி. வாரியம் தன் எல்லையில் ஒரு மீட்டரை வைத்து, உள்ளாட்சிக்கு மொத்தமாகத் தண்ணீர் விற்கும். மீட்டருக்கு இந்தப் பக்கம் தொட்டி, குழாய், வால்வு, கட்டண வசூல் எல்லாம் உள்ளாட்சியின் வேலை. சென்னையிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் 1971-இல் உருவான தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஓர் ஆற்றிலிருந்து பல ஊர்களுக்குச் சேர்த்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்கு ஒகேனக்கல் திட்டம் காவிரியைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த ஊர்க்காரர்கள் எத்தனை சுத்திகரிப்பு எந்திரம் வாங்கியிருந்தாலும் அதற்கு ஈடாகியிருக்காது.

குறை எங்கே என்றால், பொறுப்பு மீட்டரில் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. தண்ணீர் வரவில்லை என்று ஊராட்சியில் கேட்டால் "மேலிருந்து வரத்துக் குறைவு" என்பார்கள். வாரியத்தில் கேட்டால் "மீட்டர் வரை கொடுத்துவிட்டோம்" என்பார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கக்கூடும். இடையில் கசிந்த தண்ணீருக்கும் ஊராட்சிதான் பணம் கட்ட வேண்டும். ஊராட்சியால் கட்ட முடியாமல் நிலுவை ஏறினால் அதன் சுமையும் நம் மேல்தான் விழும்.

எல்லை தாண்டி விற்கும் தண்ணீர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேல் நகர எல்லைக்கு வெளியே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான வீடுகள் அந்நகரத்தின் நீர் நிரப்பும் நிலையத்திலிருந்து லாரியில் வரும் தண்ணீரையே நம்பி இருந்தன. கொலராடோ ஆற்றில் வறட்சி முற்றியபோது, தன் குடிமக்களுக்குத்தான் தன் கடமை என்று சொல்லி 2023 ஜனவரி 1 முதல் நகரம் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. மக்கள் மழைநீரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தினார்கள். அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் தலையிட்டுத் தற்காலிக ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளாகக் கிடைத்து வந்தது என்பது உரிமை ஆகிவிடாது. அதனால்தான் ஒப்பந்தத்தில் நாளுக்கு எத்தனை லிட்டர், வறட்சியில் எத்தனை விழுக்காடு குறைப்பு, யாருக்கு முதலில் குறைப்பு என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள் என்கிறேன்.

அடுத்த குறை, பாசனக்காரர்கள் நன்கறிந்த கடைமடைச் சிக்கல். கூட்டுக் குடிநீர்க் குழாயிலும் கடைமடை உண்டு. திட்டத்தின் கடைசி ஊர், ஊரின் கடைசித் தெரு, தெருவின் கடைசி வீடு. எங்கள் பத்தொன்பதாவது வீட்டில் நடந்தது அதுதான். முன் வீடுகளில் இரண்டு பேர் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினாலே போதும், பின்னால் இருப்பவர்களுக்குக் காற்றுதான் வரும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாகச் சாக்கடை நீரும் குழாய்க்குள் புகும். ஊராட்சியும் சங்கமும் சேர்ந்து இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும், மீதியை வேறு வழியில் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நிலையில் உள்ள எல்லாக் குடியிருப்புக்கும் இது ஏற்றது. தனி வீடுகள் நிறைந்த தெருக்களுக்கு மிகவும் ஏற்றது. 300, 400 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக்கு இதை மட்டும் நம்புவது ஆபத்து.

## ஆழ்துளைக் கிணறும் சுத்திகரிப்பும்

யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதே இதன் கவர்ச்சி. உண்மையில் கேட்க வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987 முதல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வரும் ஊர்களில் கிணறு தோண்டவும் நீரை எடுத்துச் செல்லவும் அனுமதி தேவை.

கடமையைப் பொறுத்தவரை, இங்கே பொறுப்பு முழுக்க உங்களுடையது. கிணறு வற்றினால் யாரும் வரமாட்டார்கள். 2019-இல் ஒரே தெருவில் ஒருவர் 300 அடி போக, அடுத்தவர் 500 அடி போக, மூன்றாமவர் 800 அடி போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆழமாகப் போகிறவர் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்துதான் எடுக்கிறார். கடற்கரைப் பக்கம் என்றால் இன்னும் மோசம். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்குவதில்லை.

சுத்திகரிப்பு எந்திரத்தின் மறைமுகச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் உள்ளே போகும் நீரில் ஒரு பகுதி உப்புக் கழிவாக வெளியேறும். பாதி கழிவாகிறது என்று வைத்துக்கொண்டால், நம் 54,000 லிட்டரையும் அந்த எந்திரத்தில் விட்டெடுக்க நாளுக்கு 1,08,000 லிட்டர் உறிஞ்ச வேண்டும். அந்தக் கழிவை எங்கே விடுவீர்கள்? நிலத்தில் விட்டால் உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் தேவையான நபருக்கு 10 லிட்டர், அதாவது 4,000 லிட்டருக்கு மட்டும் எந்திரம் வையுங்கள். நீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் எந்திரமே வேண்டாம். வாங்குவதற்கு முன் ஆய்வகத்தில் ஒரு முறை மே மாதத்திலும் ஒரு முறை டிசம்பரிலும் சோதித்துப் பாருங்கள். எந்திரம் விற்க வருபவர் கையில் கொண்டுவரும் சிறு கருவி கரைந்த உப்பின் அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

மழைநீர்ச் சேமிப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் ஏறத்தாழ 11 லட்சம் லிட்டர். நம் குடியிருப்புக்கு இது 20 நாளைய தேவை. அதனால் தேவை முழுதும் தீரும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனால் கிணற்று நீரின் உப்பைக் குறைத்து, அதன் ஆயுளை நீட்டிப்பது இந்த 11 லட்சம்தான். வடிகட்டியில் சேறு அடைத்துப் பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடக்கும் உறிஞ்சுகுழிகளை ஐப்பசிக்கு முன் சுத்தம் செய்யுங்கள்.

மணற்பாங்கான நிலம், சுற்றிலும் ஏரியோ குளமோ, நெருக்கமில்லாத குடியிருப்பு: இந்த மூன்றும் இருந்தால் கிணறு உங்களை நெடுங்காலம் காப்பாற்றும். பாறைப் பகுதியில் அடுக்குமாடி கட்டிக்கொண்டு இதை மட்டும் நம்பக்கூடாது.

## தனியார் லாரி

54,000 லிட்டருக்கு 12,000 லிட்டர் லாரி நாளுக்கு நாலரை. மாதத்துக்கு 135. உங்கள் பகுதியின் விலையை இதோடு பெருக்கி, கோடையில் அந்த விலை எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் சங்கத்தின் சம்ப் நான்குக்கு மூன்று மீட்டர். 12,000 லிட்டர் விழுந்தால் நீர்மட்டம் சரியாக ஒரு மீட்டர் உயர வேண்டும். காவலாளி ஒரு மூங்கில் கழியில் கோடு போட்டு, அதிகாலை மூன்று மணிக்கு லாரி வருவதற்கு முன்னும் போன பின்னும் அளந்து நோட்டில் எழுதி வைத்தார். சில நாட்களில் அந்த ஒரு மீட்டருக்கு 12 சென்டிமீட்டர் குறைவாகவே ஏறியது. அதாவது 1,440 லிட்டர். கழியைக் காட்டிய பிறகு அது நின்றது.

அந்தத் தண்ணீர் வேறோர் ஊரின் கிணறு என்பதை மறக்க வேண்டாம். அங்கே பயிர் வாடுகிறது, அங்கிருப்பவர்கள் லாரியை மறிக்கிறார்கள். மறிக்கும் நாளில் உங்கள் தொட்டி காலி. லாரி, இடைக்கால ஏற்பாடாகவும் அவசரத்துக்கும் மட்டுமே சரி. புதிதாகக் குடியேறிய முதல் ஆண்டுக்கும், கிணறு பழுதான வாரத்துக்கும் அது வேண்டும்.

## எங்கள் தெரு எடுத்த முடிவு

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல் அடுக்கி வைத்துக்கொண்டோம். குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் ஊராட்சிக் குழாய். துவைக்கவும் கழுவவும் பொதுக் கிணறு. தெருமுனை அடுக்குமாடியில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்பினார்கள். 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறைக்கே போகிறது என்பது கட்டட விதிகளின் கணக்கு. நம் கணக்கின் 400 பேருக்கு நாளுக்கு 18,000 லிட்டர், அதாவது ஒன்றரை லாரி மிச்சம். நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பணம் போட்டதற்கு உடனே பலன் தந்தது இதுதான்.

வாரியக் குழாய்க்கான கோரிக்கையையும் விடவில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அந்தக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தோம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டி மூன்று கேள்விகள் கேட்டோம்: எங்கள் ஊராட்சிக்கு ஒப்புக்கொண்ட நீரின் அளவு என்ன, குழாய் நபருக்கு எத்தனை லிட்டருக்கு வடிவமைக்கப்பட்டது, எந்தத் தெருவுக்கு எந்த நேரம் வால்வு திறக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு வந்த பதிலில் எங்கள் தெருவின் பெயரே இல்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனபோதுதான் தெருவின் நடுவே இன்னொரு வால்வு வைத்து, பின்பாதிக்குத் தனி நேரம் ஒதுக்கினார்கள்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஐந்தரை மணிக்கு 40 நிமிடம் தண்ணீர் வருகிறது. பத்தொன்பதாவது வீட்டு அம்மா ஐந்து மணிக்கே எழுந்து குடங்களைக் கழுவி வரிசையாக வைத்துவிடுகிறார்.